கண் வைக்க ஒரு தூண்

சுமதியின் காலை உடைத்தவர் ராஜதுரை.

அவர் தள்ளிவிடவில்லை, அடிக்கவில்லை. ஆனாலும் அவர்தான் உடைத்தார். போன வருடம் எங்கள் நாடகத்தில் முகமூடி போட்டு நடந்த சுமதி, மேடை முடிந்தது தெரியாமல் காலை வைத்துக் கீழே விழுந்தாள். இடுப்பு உயர மேடை. தொடை எலும்பு முறிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே எங்கள் இயக்குநர் ராஜதுரை இதே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். "நோ நாடகத்துக்கு மன ஒருமை வேண்டும். அந்த நடிகையிடம் அது இல்லை" என்றார். தான் ஜப்பானுக்குப் போய் நோ கற்றவர் என்பதையும் மறக்காமல் சொன்னார். விழுந்தவளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

மதுரையில் அவர் நடத்தும் குழுவில் நான் இருபது வருடமாக நடிக்கிறேன். இத்தனை நாளும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கட்டுரையில் கூப்பிடப்போவதில்லை.

நோ என்பது ஜப்பானியரின் பழைய முகமூடி நாடகம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அதற்கு ஒரு கோடைப் பயிற்சி நடக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தவள் சுமதி. விண்ணப்பித்ததும் அவள்தான், தேர்வானதும் அவள்தான். கால் உடைந்த பிறகு அவர்களுக்கு எழுதித் தன் இடத்தை எனக்கு மாற்றினாள்.

"நீ போக்கா. போய் நான் எங்க தப்புப் பண்ணேன்னு பாத்துட்டு வா" என்றாள்.

அவள் அந்தப் பேட்டியை நம்பிவிட்டாள். அது பொறுக்காமல்தான் விமானம் ஏறினேன்.

ஜனவரியில் அங்கே நடுக்கோடை. கோடை என்றால் நமக்குத் தெரியாததா என்று தொப்பி இல்லாமல் இறங்கினேன். காற்று குளிர்கிறது, வெயில் சுடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில். முதல் நாளே மூக்குத் தோல் உரிந்தது. என் நிறத்துக்கெல்லாம் வெயில் சுடாது என்று நான் சொன்னதற்கு மாலினி சிரித்தார்.

மாலினி வீட்டில்தான் தங்கினேன். யாழ்ப்பாணத்துக்காரர். போர்க் காலத்தில் குடும்பத்தோடு எங்கள் ஊர்ப்பக்க முகாமில் சில வருடம் இருந்தபோது சுமதியோடு ஒரே வகுப்பில் படித்தவர். இப்போது ஆக்லாந்தின் ஓரத்தில் ரானுயியில் வீடு. முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் சிவா பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சண்டை மட்டும் இரண்டு மொழியிலும் போடுகிறார்கள்.

"சுமதியின்ர கால் இப்ப எப்பிடி அக்கா?" கதவைத் திறந்ததும் மாலினி கேட்ட முதல் கேள்வி அதுதான். ராஜதுரை கேட்காதது.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் வைத்தார். சொதி தேங்காய்ப்பால் குழம்பு; மஞ்சளாக, தண்ணீராக இருந்தது. இதைச் சாப்பிட்டு எப்படி நாள் முழுக்க நிற்பது என்று நினைத்தேன். அடுத்த நாள் நானே கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அதோடு அவர் இடிக்கும் தேங்காய்ச் சம்பல் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம்.

பயிற்சி ஹென்டர்சனில், ஒரு சமூகக் கூடத்தில். ரானுயியிலிருந்து ரயிலில் போனால் கொஞ்ச தூரம். ஜம்பமாக ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். ரயில் வரவில்லை. நடைமேடையில் என்னைத் தவிர ஒரு ஆள் இல்லை. கோடை விடுமுறையில் தண்டவாளத்தைப் பழுதுபார்க்க ரயிலை நிறுத்திவிடுவார்களாம். ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. பதிலுக்கு விட்ட பஸ் வேறு தெருவில் நின்றது. ஓடிப்போய் ஏறினால் அது எதிர்ப்பக்கம் போனது. சிவாவுக்குப் போன் செய்தேன்.

"இறங்குங்கோ அக்கா, ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் நில்லுங்கோ. இறங்கேக்க டிரைவருக்குத் தேங்க்யூ சொல்லுங்கோ, மறக்கவேண்டாம்."

"தப்பான பஸ்ஸுக்கு எதுக்குங்க தேங்க்யூ?"

"பஸ் சரிதான் அக்கா. நீங்கதான் பிழையா ஏறினனீங்கள்."

பார்த்தால் உண்மையிலேயே இறங்குகிற ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட. நம் ஊரில் ஓட்டுநரிடம் நாம் சொல்வதை இங்கே எழுத முடியாது.

தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். வழியில் ஒரு பல்பொருள் அங்காடியில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று செருப்பில்லாமல் வெறுங்காலோடு சாமான் வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். நல்ல ஊர் என்று மகிழ்ந்து, நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வெறுங்காலோடு நுழைந்தேன். நம் மேடை வழக்கம் அதுதானே. நாலு அடி வைக்கும் முன் தடுத்துவிட்டார்கள். வெள்ளைத் துணிக் காலுறை போடாமல் நோ மேடையை மிதிக்கக் கூடாதாம்.

எனக்குக் காலுறை கொடுத்தவள் ரேச்சல். மலேசியத் தமிழ்ப் பெண், ஆக்லாந்திலேயே எப்சமில் இருக்கிறாள், பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். பயிற்சிக்கு வந்தவர்களில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என் ஆங்கிலம் கடைக்குப் போய்வரத்தான் போதும். அன்றிலிருந்து கடைசி நாள் வரை எனக்குக் காதும் வாயும் ரேச்சல்தான்.

ஆசிரியரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. சென்செய் என்றால் ஆசிரியர். நான் நரைத்த தாடிக் கிழவர் ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். இருந்தவர் பெண். என்னைவிட வயதில் சின்னவர். ஜப்பானில் மேடையேறித் தொழில்முறையாக ஆடுகிறவர். பெண்கள் நோ ஆடுவதில்லை என்று ராஜதுரை எங்களுக்கு வகுப்பெடுத்திருந்தார். சரி, அது ஒன்று என்று மனதில் முடிந்துவைத்தேன்.

முதல் நாள் நாடகமே இல்லை. மரம் தூக்கினோம். கூடத்து நடுவில் சதுரமாக மேடை அளவைக் குறித்து, நான்கு மூலையிலும் கனமான அடிக்கட்டையில் மரத்தூண் நிறுத்த வேண்டும். டேவ் என்று எங்களோடு பயிலும் ஒரு சமோவாத் தீவுக்காரர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், ஒற்றைத் தோளில் ஒரு தூணைக் கொண்டுவந்தார். மற்ற மூன்றையும் நாங்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு இழுத்தோம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. முன்னால் இடதுபக்கம் நிற்கிற தூண் பார்ப்பவர்களுக்கு மறைக்கிறது, அதை எடுத்துவிடலாமே என்றேன்.

ரேச்சல் தயங்கினாள். "அக்கா, மொத நாளே வேணாம்லா."

"நீ சொல்லு."

சொன்னாள். சென்செய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "முகமூடி போடும் நாள் வரும். அன்றைக்கும் இதையே கேளுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து என் உடம்பைக் கழற்றிப் புதிதாகப் பூட்டினார்கள். மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார வேண்டும். தரையில் சம்மணம் போட்டே வளர்ந்தவள் நான், இதென்ன பெரிய விஷயம் என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது கால் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். டேவ் எழ முயன்று அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார், கட்டடம் இடிந்த மாதிரி. சென்செய்யும் சிரித்துவிட்டார்.

பிறகு நடை. குதிகால் தரையை விட்டு எழாமல், பாதத்தைத் தேய்த்தபடி நடக்க வேண்டும். முதுகு லேசாக முன்னே சாய்ந்திருக்கும். கைகள் பெரிய குடத்தை அணைத்த மாதிரி வளைந்திருக்கும். எங்கள் குழுவில் ராஜதுரை இதைத்தான் காலை தோறும் செய்யவைப்பார். அவர் சொல்லிக்கொடுத்தது ஆமை நடை. "வெளியை உணருங்க, சூனியத்தை உணருங்க" என்று பின்னால் முனகிக்கொண்டே வருவார்.

சென்செய் ஒரு தடவைகூட உணரச் சொல்லவில்லை. "குதிகால் எழும்புகிறது." "முழங்கை தாழ்கிறது." "தாடையை உள்ளே இழுங்கள்." வேறு பேச்சில்லை. இருபது வருட நாடக வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் நடத்தியதில்லை. தச்சருக்குச் சொல்வது மாதிரி எங்கே தப்பு, என்ன தப்பு என்று சொல்லிவிடுகிறார். திருத்தினால் திருந்துகிறது.

நோ மெதுவாகத்தான் இருக்கும் என்பதும் பொய். ஒரு மதியம் சென்செய் ஒரு பேயின் ஆட்டத்தை ஆடிக் காட்டினார். நிற்கிறார், நிற்கிறார், பார்க்கிற நமக்கு மூச்சு முட்டுகிறது. திடீரென்று சுழன்று தரையில் ஓங்கி ஒரு மிதி. பலகை அதிர்ந்து என் பல்லில் கேட்டது. சின்ன உடம்பு, அதற்குள்ளிருந்து இடி. நான் என்னை மறந்து விசிலடித்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா!" என்றாள் ரேச்சல்.

"என்ன? நல்லா இருந்துச்சு, அடிச்சேன்."

ரேச்சல் எதையோ மொழிபெயர்த்தாள். சென்செய் குனிந்து வணங்கினார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "உங்க ஊர்ல இதுதான் பெரிய மரியாதைன்னு சொன்னேன்லா. பொய்யா?" பொய்யில்லை.

பாடவும் வேண்டும். அடிவயிற்றிலிருந்து குரலை உருட்டி மேலே ஏற்றுகிறார்கள். அவர் ஒரு வரி பாட, நாங்கள் திருப்பிப் பாடினோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மாலினி வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட்டபடி பழகினேன். ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிற ஊர். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. சிவா ஜன்னலைத் திறந்து, "அக்கா, நாய் உங்களை விடச் சுருதியா பாடுது" என்றார்.

மதியச் சாப்பாடு எல்லாரும் பகிர்ந்துகொள்வோம். ரேச்சல் தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் நெத்திலிப் பொரியலும் கொண்டுவருவாள். டேவ் தெருமுனை டெய்ரியிலிருந்து மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட பை வாங்கிவருவார். அங்கே டெய்ரி என்றால் பால் பூத் இல்லை, பெட்டிக்கடை. மாலினி கட்டிக்கொடுத்த பிட்டைச் சென்செய் குச்சியால் எடுத்துச் சாப்பிட்டார். ஒரு பருக்கை சிந்தவில்லை. நான் அந்தக் குச்சியால் ஒரு நெத்திலியைக்கூடத் தூக்கவில்லை.

கடைசி வாரம் முகமூடி வந்தது.

பட்டுப் பையிலிருந்து அதை எடுக்கும்போது சென்செய்யின் முகமே மாறியது. கயிறு கோக்கிற ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. போடும் முன் அதைப் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும். ஓர் இளம்பெண்ணின் முகம். மனித முகத்தைவிடச் சின்னது. டேவ் போட்டபோது சுற்றிலும் தாடை பிதுங்கியது. ஆனால் அவர் தலையை லேசாகத் தாழ்த்தியதும் அந்த முகம் அழுதது. சத்தியமாக அழுதது. யாரும் சிரிக்கவில்லை.

என் முறை வந்தது. கயிற்றைக் கட்டினார்கள். உலகம் போய்விட்டது.

கண்ணுக்கு நேரே சின்ன ஓட்டை. குளிர்பானக் குழலுக்குள் பார்ப்பது போல ஒரு வட்டம். தரை தெரியவில்லை, என் கை தெரியவில்லை, பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை. என் மூச்சு எனக்கே இரைகிறது. நடக்கச் சொன்னார்கள். எங்கே நடப்பது? தலையைக் கொஞ்சம் திருப்பினேன். அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒன்று வந்து நின்றது. முன்மூலைத் தூண்.

அதைப் பிடித்துக்கொண்டேன், கண்ணால். அது பெரிதானால் விளிம்பு பக்கம் வந்துவிட்டேன் என்று அர்த்தம். சிறிதானால் பின்னால் இருக்கிறேன். அது வலப்பக்கம் நகர்ந்தால் நான் இடப்பக்கம் போகிறேன் என்று அர்த்தம். ஒரே தூண் எனக்கு மேடை முழுக்கச் சொன்னது. ஜப்பானிய மொழியில் அதன் பெயரே கண் வைக்கும் தூண்தானாம்.

முகமூடியைக் கழற்றியதும் சென்செய் கேட்டார். "இப்போது அதை எடுத்துவிடலாமா?"

ரேச்சல் மொழிபெயர்க்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. தூணை எடுக்கச் சொன்ன என் முதல் நாள் பேச்சு மட்டுமல்ல, எல்லாமே.

எங்கள் குழு ஒத்திகை பார்ப்பது ஒரு தகரக் கொட்டகையில். கூரையைத் தாங்க முன்மூலையில் ஓர் இரும்புக் குழாய் நிற்கும். அங்கே சுமதி முகமூடி போட்டு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நாடகம் நடந்ததோ கல்லூரி மைதானத்துத் திறந்த மேடையில். குழாய் இல்லை. வீடியோ எடுக்கக் கேமராக்காரர் வந்திருந்தார். அன்று மாலை ஒலிபெருக்கி கட்டும்போது சுமதி ராஜதுரையிடம் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒப்பனைக்காரரும் நின்றார், விளக்குக்காரரும் நின்றார்.

"அண்ணே, அந்த மூலைல ஒரு கம்பு நட்டுக்கலாமாண்ணே? எனக்கு அது இருந்தா நல்லாருக்கும்."

"கேமராவுக்கு மறைக்கும்மா. ஜப்பான்ல கத்துட்டு வந்தவன் சொல்றேன், உள்ளுணர்வுல நட."

அன்று அவள் எதற்குக் கேட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கே சரியாக விளங்கியிருக்காது. உடம்பு கேட்டது. இப்போது எனக்கு விளங்கியது.

இதை ரேச்சலிடம் சொல்லி, ரேச்சல் எல்லாருக்கும் சொன்னாள். தூண் இல்லாமல் நான் நடந்து பார்க்க வேண்டும் என்றேன். சென்செய் ஒப்பவில்லை. நான் விடவில்லை. கடைசியில், மேடை உயரமில்லாத வெறும் தரை என்பதால் சம்மதித்தார். தூணை நகர்த்தினார்கள். விளிம்புக் கோட்டுக்கு வெளியே டேவை நிற்கவைத்தார்கள்.

முகமூடி கட்டிக்கொண்டு நடந்தேன். மன ஒருமையெல்லாம் திரட்டிக்கொண்டு நடந்தேன். உள்ளுணர்வில் நடந்தேன். இன்னும் மேடை நடுவில்தான் இருக்கிறேன் என்று நிச்சயமாக இருந்தபோது நான் மெத்தென்று எதிலோ மோதினேன். டேவின் வயிறு. கோட்டைத் தாண்டி நான் நன்றாக வெளியே வந்திருந்தேன்.

டேவ் போட்டு நடந்தார். சுவர்ப்பக்கம் போனார். ரேச்சல் நாற்காலிகளுக்குள் போனாள்.

அப்புறம் நான் சென்செய்யிடம் கேட்டேன், "நீங்கள் நடப்பீர்களா?"

ரேச்சலுக்கு வியர்த்தது. ஆனாலும் கேட்டாள். சென்செய் மறுபேச்சில்லாமல் முகமூடியை வணங்கிக் கட்டிக்கொண்டார். மேடையின் பின்பக்கம் போய் நின்றார். பேயாட்டம் ஆடித் தரையை அதிரவைத்தவர். நாங்கள் காத்திருந்தோம். அவர் அசையவில்லை. பிறகு மெதுவாக முகமூடியைக் கழற்றினார்.

"நான் நடக்கமாட்டேன். தூணை வையுங்கள்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்கள் தோழியை நடக்கச் சொன்னது யார்?" என்றார்.

ரேச்சல் அதைத் தமிழில் சொல்லிவிட்டுத் தூணை இழுக்கப் போனாள்.

அன்று மாலை மாலினி வீட்டிலிருந்து சுமதிக்குப் போன் செய்தேன். அவளுக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டை நகர்த்தும் ஒலி கேட்டது.

"அந்தத் தூண எப்பக்கா வச்சாங்க?"

"மொத நாளே. முகமூடிய வெளிய எடுக்குறதுக்கு முன்னாடியே."

"அப்ப எம்மேல தப்பில்லையா?"

"இல்லடி."

அவள் அழவில்லை, சிரித்தாள். "நான் கம்பு கேட்டேன்ல? கேட்டேன்லக்கா? நானே கனவுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மாலினி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "எடியே சுமதி, அந்த ராஜதுரை என்ர முன்னால வரட்டும், நான் கதைக்கிறன் அவரோட" என்று கத்தினார். பிள்ளைகள் எட்டிப்பார்த்தன.

கடைசி நாள் அரங்கேற்றம். குடும்பங்கள் வந்திருந்தன. வெள்ளைக் காலுறை, விசிறி, முகமூடி. திரைக்குப் பின்னால் நிற்கும்போது பயமாக இருந்தது. வெளியே வந்தேன். வட்டத்துக்குள் தூண் வந்து நின்றது. பயம் போயே போய்விட்டது. அதன் பக்கமாகப் போனேன், விசிறியை விரித்தேன், திரும்பினேன், ஓங்கி மிதித்தேன். பலகை பேசியது. என் வாழ்நாளில் அவ்வளவு சுதந்திரமாக நான் எந்த மேடையிலும் ஆடியதில்லை. ஒன்றும் தெரியாத இருட்டில், ஒரே ஒரு மரத்தை நம்பி. முடிந்ததும் கூடத்தின் பின்பக்கமிருந்து யாரோ விசிலடித்தார்கள். டேவ்.

காரில் திரும்பும்போது சிவா சொன்னார், "எல்லாம் நல்லாத்தான் இருந்தது அக்கா. ஒரு தடி மறைச்சுப்போட்டுது."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"ஓம், என்ன செய்யிறது. தலையைச் சாய்ச்சுப் பாத்தனாங்கள்."

அவ்வளவுதான், ராஜதுரை. பார்ப்பவர்கள் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். கேமராவைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம்.

ஊருக்கு வந்ததும் நேரே சுமதி வீட்டுக்குத்தான் போனேன். ஊன்றுகோலோடு கூடத்தில் நடந்து காட்டினாள். குதிகால் எழும்புகிறது என்றேன். திட்டினாள். நான் கிளம்பும்போது, "அடுத்த நாடகத்துக்கு எனக்கு ஒரு கம்பு நட்டுக் குடுப்பியாக்கா?" என்று கேட்டாள். நடுவேன். நானே குழி தோண்டி நடுவேன்.

ஆனால் அதற்கு முன் ஒரு பதில் வேண்டும். ராஜதுரை, ஜப்பானில் நீங்கள் முகமூடி போட்டு நடந்தீர்களா, இல்லையா? நடந்திருந்தால் அந்தத் தூண் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அவள் வாய்விட்டுக் கேட்டும், கேமராவுக்காக அவளைக் குருடாக நடக்கவிட்டீர்கள். நடக்கவில்லை என்றால் நோ கற்றேன் என்று எங்களிடமும் இந்தப் பத்திரிகையிடமும் ஏன் சொன்னீர்கள்? இரண்டில் எது?

எனக்குப் போன் செய்யாதீர்கள். டீக்கடையில் ஆள் விட்டுச் சமாதானம் பேசாதீர்கள். சுமதிக்கு மன ஒருமை இல்லை என்று எந்தப் பத்திரிகையில் சொன்னீர்களோ, அதே பத்திரிகையில், அடுத்த இதழில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். அவள் வாங்கிப் படிப்பாள்.